மருந்தோடு வரும் எடை: மனநோய் உடையோரின் உடலுக்கு யார் பொறுப்பு?

திருவனந்தபுரத்தில் ஒருவரை இழிவாகப் பேச நினைப்பவர்கள் "ஊளம்பாறைக்குப் போ" என்பார்கள். சென்னையில் அதே வசைக்குக் "கீழ்ப்பாக்கம்" என்று பெயர். 1870ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு நிறுவிய மனநல மருத்துவமனை அமைந்திருப்பதால், பேரூர்க்கடையை ஒட்டிய அந்த ஊரின் பெயரே ஏச்சாக மாறிவிட்டது. தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் அந்த ஊர் அந்நியமானதல்ல. 1956 நவம்பர் வரை குமரி மாவட்டத்து மக்களுக்குத் திருவனந்தபுரமே தலைநகர். இன்றும் அங்குள்ள எளிய குடும்பங்கள் பெரிய நோய் வந்தால் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்து அரசு மருத்துவமனைகளைத்தான் நாடுகின்றன.

மனநோய் என்றதும் பொதுப்புத்தியில் தோன்றும் காட்சி சங்கிலியும் கம்பிக் கதவும்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்ததைத் தமிழகம் மறந்துவிடவில்லை. அந்தச் சங்கிலிகளுக்கு எதிரான போராட்டம் இன்னும் முடிவுறவில்லை. எனினும், இன்று மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்ற தீவிர மனநோய் உடையோரின் ஆயுளைக் குறைப்பவற்றில் முதன்மையானவை வேறு. அவை மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு ஆகியன. தீவிர மனநோய் உடையோர் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த இறப்புகளில் தற்கொலைக்கும் பங்குண்டு. ஆனால் பெரும்பகுதி, தடுக்கக்கூடிய உடல் நோய்களால் நேர்பவை.

அந்த உடல் நோய்களுக்கு இட்டுச் செல்லும் பாதையில் முதல் அடையாளம், சிகிச்சை தொடங்கிய சில மாதங்களிலேயே கூடத் தொடங்கும் உடல் எடை. இதை நோயாளியின் சோம்பல் என்று வீடு சொல்கிறது. கட்டுப்பாடின்மை என்று ஊர் சொல்கிறது. இரண்டும் தவறு. அது பெரிதும் சிகிச்சையோடு சேர்ந்து வருகிற சுமை. எனவே, அதைச் சுமக்கும் பொறுப்பு சிகிச்சை தரும் பொதுச் சுகாதார அமைப்புக்கும் சமூகத்துக்கும் உண்டு என்பதே இடதுசாரி இயக்கம் எடுக்க வேண்டிய நிலை.

மருந்து உடலில் செய்வது என்ன?

1950களின் தொடக்கத்தில் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்தபோது மனநல மருத்துவத்தில் ஒரு புதிய காலம் பிறந்தது. வாழ்நாள் முழுவதும் மருத்துவமனைக் கொட்டடியில் அடைபட்டுக் கிடக்க வேண்டியிருந்தவர்கள் வீடு திரும்ப முடிந்தது. ஆனால் அந்தத் தலைமுறை மருந்துகள் கை நடுக்கத்தையும், தசை இறுக்கத்தையும், வாய் தானாக அசையும் கோளாறையும் கொடுத்தன. அந்தத் துன்பத்தைக் குறைப்பவை என்று பின்னர் வந்தவையே குளோசபின், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குவெட்டியாபின் முதலியன. நடுக்கம் குறைந்தது உண்மை. அதற்குப் பதிலாக இடுப்புச் சுற்றளவும் இரத்தச் சர்க்கரையும் கூடின.

இம்மருந்துகள் மூளையில் பசியையும் நிறைவுணர்வையும் ஒழுங்குபடுத்தும் ஹிஸ்டமின், செரடோனின் ஏற்பிகளைத் தடுக்கின்றன. வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சரிவரப் போய்ச் சேர்வதில்லை. சாப்பிட்டு எழுந்தவருக்கு உடனே மீண்டும் பசிக்கிறது. மருந்து தரும் மயக்கம் பகலிலும் உடலை அசையவிடுவதில்லை. மனச்சிதைவு நோயே எதிலும் முனைப்பில்லாத நிலையை உண்டாக்குகிறது. இவை ஒன்றுசேரும்போது எடை ஏறுகிறது. குளோசபினும் ஒலான்சபினும் எடையை மிக அதிகமாகக் கூட்டுபவை; குவெட்டியாபினும் ரிஸ்பெரிடோனும் நடுத்தரமானவை; அரிபிப்ரசோல், ஹாலோபெரிடால் போன்றவற்றில் இது குறைவு. இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியம், வால்புரோயேட் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடியவை.

அமெரிக்க அரசின் நிதியில் ஏறத்தாழ 1,500 மனச்சிதைவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான கேட்டி என்ற ஆய்வில், ஒலான்சபின் எடுத்தவர்களுக்கு மாதந்தோறும் சராசரியாக 900 கிராம் எடை கூடியது. அவர்களில் 30 விழுக்காட்டினருக்குத் தம் உடல் எடையில் 7 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியிருந்தது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் 74 விழுக்காட்டினர், எந்த மருந்தில் தொடங்கினார்களோ அந்த மருந்தை 18 மாதங்களுக்குள் நிறுத்திவிட்டனர். பலன் போதாமை ஒரு காரணம். தாங்க முடியாத பக்கவிளைவுகள் மற்றொரு காரணம்.

இதைச் சொல்லும்போதே ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். எடை கூடுகிறது என்பதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. மனச்சிதைவு நோய் உடையோரில் மருந்து எடுப்பவர்களைவிட மருந்தே எடுக்காதவர்களிடம் இறப்பு அதிகம் என்பதைப் பின்லாந்தில் நாடு தழுவிய பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே கேள்வி மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல. மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அது உடலில் செய்வதைக் கண்காணிக்காமல் கைகழுவலாமா என்பதே கேள்வி.

லாபம் மறைத்த உண்மை

இந்தக் கைகழுவலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒலான்சபினை 1996இல் சைப்ரெக்சா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது எலி லில்லி என்ற அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனம். உச்சத்தில் இருந்தபோது இந்த ஒரே மருந்து ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கும் மேல் ஈட்டித் தந்தது. இந்த வகை மருந்துகள் நீரிழிவை உண்டாக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை மருந்து உறையில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2003இல்தான் ஆணையிட்டது. இதற்கிடையில் மருந்தை உட்கொண்டு நீரிழிவு வந்ததாகவும், தங்களைப் போதிய அளவு எச்சரிக்கவில்லை என்றும் ஆயிரக்கணக்கானோர் வழக்குத் தொடுத்தனர். 2005இலும் 2007இலும் சுமார் 26 ஆயிரம் பேரின் வழக்குகளைத் தீர்க்க நிறுவனம் ஏறத்தாழ 120 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அனுமதிக்கப்படாத பயன்பாட்டுக்கு, குறிப்பாக முதியோரின் மறதி நோய்க்கு, இம்மருந்தை விளம்பரப்படுத்திய குற்றத்தை 2009 ஜனவரியில் ஏற்றுக்கொண்டு 141.5 கோடி டாலர் செலுத்தவும் இசைந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. உடல் எடையைக் குறைக்கும் மவுஞ்சாரோ ஊசியை 2025 மார்ச்சில் இந்தியச் சந்தையில் இறக்கியதும் இதே எலி லில்லிதான். எடையைக் கூட்டும் மருந்தை விற்றுப் பெருத்த நிறுவனம், எடையைக் குறைக்கும் மருந்தை விற்று மேலும் பெருக்கிறது. மாதம் பல ஆயிரம் ரூபாய் விலையில் அறிமுகமான அந்த ஊசி, ஊளம்பாறையின் வெளிநோயாளர் வரிசையில் நிற்கும் கட்டிடத் தொழிலாளியின் மகனுக்காக வந்ததல்ல. இதைத் தனியொரு நிறுவனத்தின் ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்த்தால் போதாது. மருந்து ஆராய்ச்சி லாபத்தின் கையில் இருக்கும் வரை, எந்தப் பக்கவிளைவு ஆராயப்படும், எது அடக்கி வாசிக்கப்படும் என்பதையும் லாபமே தீர்மானிக்கும்.

நம் நாட்டு ஏழைகளுக்கு ஒலான்சபின் மலிவாகக் கிடைத்ததற்கும் ஓர் அரசியல் காரணம் உண்டு. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தருவதை மறுத்தது. அதனால்தான் அமெரிக்காவில் காப்புரிமை உயிரோடிருந்த காலத்திலேயே இந்திய நிறுவனங்கள் இம்மருந்தைச் சில ரூபாய்க்குத் தயாரித்து விற்க முடிந்தது. 2005இல் உலக வர்த்தக அமைப்பின் நெருக்கடியில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, காப்புரிமையைச் சிறு மாற்றங்களால் நீட்டிக்கொண்டே போவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு இடம்பெற இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் மாத்திரையை ஏழையின் கைக்கு எட்டச் செய்தது. மாத்திரையோடு சேர்ந்து வர வேண்டிய கண்காணிப்பு மட்டும் எட்டவில்லை.

மனவுறுதி என்ற பொய்

உடல் பருமன் தனிமனிதரின் மனவுறுதிக் குறைவால் வருவது என்பது முதலாளித்துவச் சமூகம் பரப்பும் கருத்துகளில் ஒன்று. சத்தான உணவுக்கும், ஓய்வுக்கும், பாதுகாப்பான நடைபாதைக்கும் செலவிடும் பொறுப்பிலிருந்து அரசையும் முதலாளியையும் அது விடுவிக்கிறது. மனநோய் உடையோரிடம் இந்தக் கருத்து இரட்டைக் கொடுமையாக மாறுகிறது. நோயே ஊக்கத்தைக் குறைக்கிறது. மருந்து பசியைக் கூட்டுகிறது. அதன் பிறகு "வாயைக் கட்டு" என்று உபதேசம் செய்யப்படுகிறது.

திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்திலும் கனகக்குன்னு மைதானத்திலும் விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் நடைப்பயிற்சி செய்கின்றனர். ஊளம்பாறை அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் மனநோய் உடைய ஓர் இளைஞர் அந்தக் கூட்டத்தில் இயல்பாக நடக்க முடிகிறதா? தம் தெருவில் நடந்தாலே பிள்ளைகள் கேலி செய்யும் ஊர்களில், வீட்டுக்குள் முடங்குவதையே அவர் பாதுகாப்பாகக் கருதுகிறார். உணவும் அவ்வாறே. குறைந்த காசில் வயிற்றை நிரப்புபவை அரிசிச் சோறும், மரவள்ளிக்கிழங்கும், சர்க்கரை கூடிய தேநீரும், பேக்கரிப் பலகாரமும்தான். தமிழ்நாட்டிலிருந்து லாரிகளில் சாலைச் சந்தைக்கு வந்து இறங்கும் காய்கறிகளும் பழங்களும், வேலையிழந்த ஒரு நோயாளியின் வீட்டுக்குள் நாள்தோறும் நுழைவதில்லை.

பெண்களுக்கு இந்தச் சுமை இன்னும் கூடுகிறது. எடை கூடிய பெண்ணின் மாதவிடாய்க் கோளாறு நோயோடும் மருந்தோடும் சேர்த்துப் பார்க்கப்படுவதில்லை. அவளது தோற்றம் திருமண வாழ்வில் குத்திக்காட்டும் ஆயுதமாகிறது. அவள் மாத்திரையை ஒளித்து வைக்கத் தொடங்குகிறாள். சில வாரங்களில் நோய் திரும்புகிறது. "மருந்து சாப்பிட்டும் குணமாகவில்லை" என்று வீட்டார் கூறுகின்றனர்.

மேலும், மனநோய் உடைய ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்றால் அதுவும் மனநோயின் பேச்சாகவே எடுத்துக்கொள்ளப்படும் ஆபத்து உலகெங்கும் இருக்கிறது. உடல் நோய்க்கான மருத்துவர் மனநலப் பிரிவைக் கைகாட்டுகிறார். மனநலப் பிரிவு உடல் நோயைத் தன் வேலையாகக் கருதுவதில்லை. இரண்டு கதவுகளுக்கு நடுவே மனிதர் விழுகிறார்.

சான்றுகள் காட்டும் வழி

இந்த எடையைத் தடுக்க முடியாதா? முடியும். முதல் வேலை, அளந்து பார்ப்பது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் இணைந்து 2004இல் வெளியிட்ட பரிந்துரை எளிமையானது: மருந்து தொடங்கும் நாளில் எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும், 4, 8, 12ஆம் வாரங்களில் எடை பார்க்க வேண்டும், 12ஆம் வாரத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் மீண்டும் பார்க்க வேண்டும். இதற்குத் தேவைப்படுபவை ஓர் எடை இயந்திரம், ஓர் அளவு நாடா, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய இரத்தப் பரிசோதனை, ஒரு பதிவேடு. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. எடை விரைந்து கூடினால், மருத்துவர் குறைவாக எடை கூட்டும் மருந்துக்கு மாற்றுவது பற்றி நோயாளியோடு பேசலாம்.

இரண்டாவது, மெட்பார்மின். நீரிழிவுக்குப் பல பத்தாண்டுகளாகத் தரப்படும், காப்புரிமை இல்லாத, மிக மலிவான மாத்திரை இது. சீனாவின் சாங்ஷா நகரில் மனச்சிதைவு நோய்க்கு முதன்முறை சிகிச்சை பெற்ற 128 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், மெட்பார்மினும் உணவு, உடற்பயிற்சி மாற்றமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு எடை மிக நன்றாகக் குறைந்தது. மெட்பார்மின் மட்டும் பெற்றவர்களுக்கு அடுத்த நிலை. வெறும் அறிவுரையும் பயிற்சியும் பெற்றவர்கள் மூன்றாம் இடத்தில்தான் இருந்தனர். எதுவும் பெறாதவர்களுக்கு எடை மேலும் கூடியது. சிறுநீரகத்தின் நிலை பார்த்து மருத்துவர் மட்டுமே தர வேண்டிய மருந்துதான் இது. ஆனாலும் லாபம் இல்லாத மருந்தாதலால், இதைப் பற்றி மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல எந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியும் அலையப் போவதில்லை. அதை அரசு வழிகாட்டுதல்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது, கூடி இயங்குவதற்கான இடம். இங்கே இரண்டு ஆய்வுகளை ஒப்பிடுவது பயன் தரும். பிரிட்டனில் 414 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் முடிவுகள் வெளியான ஆய்வில், நோயாளிகளுக்குச் சில குழு வகுப்புகளும் இடையிடையே தொலைபேசி ஆதரவும் தரப்பட்டன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் 291 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு வேறு முறையைக் கையாண்டது. நோயாளிகள் ஏற்கெனவே வழக்கமாக வந்துகொண்டிருந்த பகல்நேர மறுவாழ்வு மையங்களிலேயே, வாரத்தில் பல முறை கூட்டாக உடற்பயிற்சியும் உணவு பற்றிய உரையாடலும் 18 மாதங்கள் நடந்தன. முடிவில் ஒப்பீட்டுக் குழுவைவிடச் சராசரியாக 3.2 கிலோ எடை குறைந்தது. தொடர்ந்து குறைந்துகொண்டே வந்ததுதான் இதில் முக்கியம். வகுப்பெடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் பலன் குறைவு. அன்றாடம் வந்து சேரும் இடத்தில், பிறரோடு சேர்ந்து செய்தால் பலன் உண்டு என்பதே இந்த ஒப்பீடு தரும் பாடம்.

திருவனந்தபுரத்தில் இருப்பவையும் இணையாதவையும்

இந்தப் பாடம் திருவனந்தபுரத்துக்குப் புதியதல்ல. அம்மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்து, நீரிழிவு வரும் ஆபத்தில் இருந்த 1,007 பேரிடம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்ற கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நடத்தப்பட்டது. அந்தந்தப் பகுதி மக்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றவர்கள் குழுக்களை வழிநடத்தினர். 2018இல் வெளியான முடிவுகளின்படி, நீரிழிவு வருவது குறைந்தாலும் அந்த வேறுபாடு புள்ளியியல் வகையில் உறுதியாகச் சொல்லத்தக்கதாக இல்லை. ஆனால் மதுப் பழக்கம் குறைந்தது. காய்கனி உண்பது கூடியது. சாதாரண உழைப்பாளி மக்களே ஒருவருக்கொருவர் துணையாக நின்று பழக்கங்களை மாற்ற முடியும் என்பது அங்கே நிரூபணமானது.

வேறு பலவும் கேரளத்தில் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுக்கள் கீழ்நிலை மருத்துவமனைகளில் மனநல முகாம்களை நடத்துகின்றன. நோய் தணிந்தவர்கள் பகல் பொழுதைக் கழித்துத் தொழில் பழகும் 'பகல்வீடு' மையங்கள் உள்ளன. 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக உயர்த்தியது. 2008ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடு தேடிச் செவிலியர் செல்லும் வலிதணிப்புச் சேவையை ஊராட்சிகள் நடத்துகின்றன. 1998 முதல் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் தெருதோறும் இயங்குகின்றன. 1996இன் மக்கள் திட்டத்திலிருந்து ஊராட்சிகளின் கையில் திட்ட நிதியும் இருக்கிறது.

இல்லாதது இவற்றுக்கு இடையிலான பாலம். ஓர் எடுத்துக்காட்டு போதும். நாடு முழுவதும் நீரிழிவு, இரத்த அழுத்தப் பரிசோதனைத் திட்டம் 30 வயது நிறைந்தவர்களை நோக்கியது. கேரளத்தில் 'ஷைலி' செயலியோடு ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நடத்திய கணக்கெடுப்பும் 30 வயதிலிருந்தே தொடங்கியது. ஆனால் மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. மருந்தால் எடை மிக வேகமாக ஏறுவதும் அந்த முதல் ஆண்டில்தான். 22 வயதில் ஒலான்சபின் தொடங்கும் ஓர் இளைஞர் 30 வயதில் கணக்கெடுப்புக்குள் வரும்போது, எட்டு ஆண்டுகள் கழிந்திருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இத்தகைய மாநிலத்தில் அந்த எட்டு ஆண்டுகள் மிகப் பெரிய இழப்பு.

சட்டம் இந்த இழப்பை அனுமதிக்கவில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மனநோய் உடையோரை மற்ற உடல் நோய் உடையோருக்கு நிகராக நடத்த வேண்டும் என்கிறது. 18ஆம் பிரிவு அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. சட்டத்தை எழுதிய ஒன்றிய அரசு அதற்குரிய நிதியைத் தர மறுப்பதே வழக்கமாக உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவை ஆறுதல் தரலாம். ஆனால் தொலைபேசி வழியே இடுப்பை அளக்கவோ இரத்தம் எடுக்கவோ முடியாது.

ஓர் எதிர்வாதமும் அதற்கான விடையும்

"சிகிச்சையே கிடைக்காத நாட்டில் எடையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் இல்லையா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிட்டவில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இந்த நாட்டில் இல்லை.

ஆனால் இந்த இரண்டும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள். சிகிச்சைக்கு வந்தவர்கள் அதை விட்டு ஓடுவதற்கான காரணங்களில் எடை முக்கியமானது. மருந்து தொடங்கி ஆறு மாதத்தில் உருமாறிப்போன ஒருவரைப் பார்க்கும் அண்டை வீட்டார், தம் பிள்ளைக்கு நோய் வந்தால் மருத்துவமனைக்குப் பதில் மந்திரவாதியிடம் செல்கின்றனர். ஏர்வாடிகளுக்கு ஆள் சேர்வது இப்படித்தான். உடலைக் கவனிக்கும் சிகிச்சைதான் மக்கள் நம்பி வரும் சிகிச்சையாக இருக்க முடியும். தவிர, இங்கே கோரப்படுவதற்கு ஆகும் செலவு சிறிது. நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பழுதான பின் செய்யும் டயாலிசிஸ் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இயக்கம் செய்ய வேண்டியவை

முதலாவது கோரிக்கை, மனநோய் எதிர்ப்பு மருந்து தொடங்கும் ஒவ்வொருவருக்கும், வயது வரம்பின்றி, எடை, இடுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறிக்கும் அட்டை தரப்பட வேண்டும். அந்த அட்டையை மனநல முகாமும் தொற்றா நோய்ப் பிரிவும் பொதுவாகப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, மெட்பார்மின் பயன்பாடு, மருந்து மாற்றம் ஆகியவை குறித்து அரசு தெளிவான வழிகாட்டுதல் வெளியிட வேண்டும். இம்மருந்துகள் தட்டுப்பாடின்றி அரசுக் கொள்முதல் வழியே கிடைக்க வேண்டும். எடை குறைக்கும் புதிய ஊசிகள் தேவைப்படும் நோயாளிகளுக்கும் அவை பொது மருத்துவமனையில் கிடைக்கும்படி விலைக் கட்டுப்பாடும், பொதுத்துறை உற்பத்தியும் வேண்டும். மூன்றாவது, பகல்வீடு போன்ற மையங்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் அமைந்து, அங்கே கூட்டு உடற்பயிற்சியும் காய்கறித் தோட்டமும் சத்தான மதிய உணவும் இருக்க வேண்டும். நான்காவது, இந்த வேலையை ஏற்கெனவே சுமை தாங்காத ஆஷா பணியாளர்களின் தலையில் ஊதியமின்றி ஏற்றக்கூடாது. அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இதுவும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

தமிழ்நாட்டிலும் இதே வேலை காத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்கிறது. அந்தப் பையோடு ஓர் அளவு நாடாவும், மனநோய்க்கு மருந்து எடுப்போரின் பட்டியலும் சேர வேண்டும் என்று கிராம சபைகளில் தீர்மானம் கொண்டுவரத் தோழர்களால் முடியும். அவ்வாறு செய்யும்போது, நோயாளியின் பெயரும் நோயும் ஊரறியப் பேசப்படாமல் காக்கப்பட வேண்டும் என்பதிலும் உறுதியாக நிற்க வேண்டும்.

கிளைகள் இன்றே செய்யக்கூடிய காரியங்களும் உண்டு. தம் பகுதியில் மனநோய்க்கு மருந்து எடுக்கும் குடும்பங்களைத் தோழர்கள் அறிவார்கள். தேர்தல் நேரத்தில் அந்த வாசலில் ஏறுகிறோம். மற்ற நாட்களில் அந்த வீட்டாரே கதவை மூடிக்கொள்கிறார்கள் என்று எண்ணி விலகிவிடுகிறோம். அந்த வீட்டுக்குச் சென்று, மருந்தை நிறுத்தாமல் இருக்கத் துணை நிற்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடையையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது அவர்களது உரிமை என்று எடுத்துச் சொல்லலாம். தனியாகச் செல்லத் தயங்கினால் உடன் செல்லலாம். மாலையில் நடக்கும்போது அவரையும் அழைத்துக்கொண்டு நடக்கலாம். வாலிபர், மாதர் அமைப்புகள் இதை வழக்கமான பணியாக எடுத்துக்கொண்டால், தெருவில் அவரைப் பார்த்துச் சிரிப்பவர்களின் எண்ணிக்கை தானே குறையும்.

உழைக்கும் மக்களின் ஆயுளில் பறிபோகும் ஒவ்வோர் ஆண்டும் கணக்குக் கேட்கப்பட வேண்டிய ஆண்டு. தீவிர மனநோய் உடையோரிடமிருந்து பறிபோகும் 10 முதல் 20 ஆண்டுகளுக்காக இதுவரை உரத்த குரல் எழவில்லை. அவர்களது வீடுகள் வெட்கத்தால் மௌனமாக இருக்கின்றன. அந்த மௌனத்தைக் கலைத்து, ஓர் எடை இயந்திரத்திலிருந்து ஒரு பகல்வீடு வரை அவர்களுக்கு உரியதைக் கேட்டுப் பெறுவது கட்சியின் மக்கள் பணிகளில் ஒன்றாக வேண்டும்.